நஞ்சை நீரில் விளையும் உரம்

கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டல் சேர்த்து உண்டாக்கிய வங்காளத்து வயல்களிலே, எருவென்று சொல்லத்தக்க எதுவும் பெரிதாக இடப்படாமலே, தலைமுறை தலைமுறையாக ஆண்டுதோறும் நெல் விளைந்து வந்தது என்பதும், அந்த விளைச்சல் அமோகமாக இல்லாவிட்டாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் நின்றது என்பதும், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வேளாண்மை விஞ்ஞானிகளுக்குத் தீராத புதிராக இருந்தன. கோதுமை நிலம் அவ்வாறு கொடுப்பதில்லை; சோள நிலமும் கொடுப்பதில்லை; எருவிடாமல் சில பருவங்கள் தொடர்ந்து பயிர் ஏற்றினால் அந்த மண் மெலிந்து, கதிரும் சிறுத்துப் போகிறது. நீர் கட்டிய நஞ்சைக்கு மட்டும் எங்கிருந்து தழைச்சத்து வந்து சேர்கிறது? 1939இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில் பி. கே. டே என்ற வங்காளத்து விஞ்ஞானி இதற்கு விடை எழுதினார். வயலின் நீரிலும் சேற்றின் மேற்பரப்பிலும் படரும் நீலப்பச்சைப் பாசிகளே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன என்றும், அதுவரை அந்தப் பெருமைக்கு உரியவையாகக் கருதப்பட்ட பாக்டீரியாக்களின் பங்கு அங்கே சொற்பமே என்றும் அவர் பரிசோதனைகளால் காட்டினார். இந்திய விவசாயிகளைத் தம் ஆசான்கள் என்று மதித்த ஆல்பர்ட் ஹோவர்டும், மறு ஆண்டில் வெளியான தம் நூலில், நெல்வயலின் பாசிப் படலத்தை இதே காரணத்துக்காகக் குறிப்பிட்டிருக்கிறார்.

இன்று உயிர் உரம் என்ற பெயரோடு வேளாண்மை விரிவாக்க மையங்களில் பொட்டலமாகவும் பாட்டிலாகவும் கிடைக்கும் பொருளின் பூர்வகதை இதுதான். அந்தப் பொட்டலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். அதை வாங்கித் தூவிவிட்டால் யூரியா மூட்டைக்கே வேலை இராது என்கிறது ஒரு கட்சி. அதனுள் இருப்பது வெறும் கரித்தூள், மானியக் கணக்கை நேர் செய்வதற்காகக் குடியானவன் தலையில் கட்டப்படுவது என்கிறது மற்றொன்று. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வயலின் நீரிலே ஏற்கெனவே குடியிருந்து வேலை செய்து வரும் கோடானுகோடி சூட்சும ஜீவன்களுக்கு நாம் இடம் கொடுக்கிறோமா, அல்லது முதல் மூன்று வாரத்திலேயே அவற்றின் வேலையைப் பறித்துவிடுகிறோமா என்பதைப் பொறுத்தே பொட்டலத்தின் பலனும் நிர்ணயமாகிறது என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவானது நைட்ரஜன். ஒரு ஹெக்டேர் வயலுக்கு நேர் மேலே நிற்கும் ஆகாயத்தில் எழுபதாயிரம் டன்னுக்கு மேல் அது இருக்கிறது. அடியில் நிற்கும் நெற்பயிரோ, ஒரு டன் நெல்லை விளைவிப்பதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இருந்தும் பயிர் பசித்து நிற்பதற்குக் காரணம், காற்றில் இரண்டிரண்டு அணுக்களாக மும்மடிப் பிணைப்பில் இறுகிக் கிடக்கும் அந்த நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் சக்தி எந்தப் பயிருக்கும் இல்லாமையே. ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் கண்டுபிடித்து, கார்ல் பாஷ் 1913இல் தொழிற்சாலையாக்கிக் காட்டிய முறையில், அந்தப் பிணைப்பை உடைப்பதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தமும், இரும்பாலான கிரியா ஊக்கியும் வேண்டியிருக்கின்றன. யூரியா மூட்டை என்று நாம் சுமந்து வருவது இவ்வளவு எரிபொருளும் சேர்ந்து உருவான பண்டம். இதே காரியத்தை, வயல் நீரின் இளஞ்சூட்டிலே, சூரிய வெளிச்சத்தையே மூலதனமாகக் கொண்டு, நைட்ரஜனேஸ் என்ற நொதியின் துணையால் பாசி செய்து முடிக்கிறது.

அந்த நொதிக்கு ஒரு பலவீனம் உண்டு: பிராணவாயு பட்டால் அது செயலிழந்து விடும். பாசியோ வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும்போது பிராணவாயுவை வெளியிட்டே தீரவேண்டிய ஜீவன். ஒன்றையொன்று கெடுக்கும் இவ்விரு தொழில்களையும் ஓர் உடலிலேயே நடத்த அனபீனா, நாஸ்டாக் முதலிய பாசிகள் கண்டிருக்கும் உபாயம் வியக்கத்தக்கது. மணி கோத்த சரம்போல் வரிசையாக அமைந்த அவற்றின் உயிரணுக்களுக்கிடையே, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, தடித்த சுவர்கொண்ட தனி அணுக்கள் சில உண்டாகின்றன. அவை உணவு தயாரிப்பதை அறவே நிறுத்திவிட்டு, பிராணவாயு நுழையாதபடி தம்மை மூடிக்கொண்டு, நைட்ரஜனைப் பிடிக்கும் பணியை மட்டும் மேற்கொண்டு, அண்டை அணுக்களிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு தழைச்சத்தைத் திருப்பித் தருகின்றன. சுற்றிலும் உள்ள நீரில் தழைச்சத்து குறைந்தால்தான் இந்தத் தனி அணுக்கள் உருவாகும் என்பதையும், தாராளமாக அம்மோனியா கிடைத்தால் பாசி இந்தச் சிரமத்தை மேற்கொள்வதில்லை என்பதையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சேற்றின் ரசாயனம்

தொழி உழுது, அண்டை வெட்டி, பரம்படித்து, நீர் கட்டிய வயலில், இரண்டொரு நாளில் சேற்றிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மேலே சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பழுப்புப் படலம் மட்டும், நீரிலிருந்து கசியும் காற்றால் உயிர்த்து நிற்கிறது. அதன் கீழே சேறு கருநீலமாக மாறி, முற்றிலும் வேறான ரசாயன நியதிகளுக்கு ஆட்பட்டுவிடுகிறது. இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானியோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பெலிக்ஸ் பொன்னம்பெரும, நீரில் மூழ்கிய மண்ணின் ரசாயனத்தைப் பற்றி 1972இல் எழுதிய நெடிய ஆய்வுரை இத்துறையில் இன்றும் பிரமாணமாகக் கொள்ளப்படுகிறது. நீர் தேங்கியதும் புளிப்பு மண்ணின் புளிப்பு தணிகிறது. கார மண்ணின் காரமும் தணிகிறது. இரண்டும் நடுநிலையை நாடுகின்றன. இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து கரைந்து வேருக்கு எட்டுகிறது. மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவுக்கு மானாவாரி நிலத்தில் இருக்கும் அவசியம் நீர் நின்ற நஞ்சையில் அவ்வளவாக இல்லை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். நாற்றங்காலிலும், நீர் கட்டாமல் விதைக்கும் புழுதி விதைப்பு வயலிலும் அதன் உபயோகம் கூடுதலாக இருக்கும்.

தழைச்சத்தின் விஷயத்தில் மாத்திரம் இந்த நீர் இரண்டு விதமாகவும் நடந்துகொள்கிறது. மேலே தூவிய யூரியா சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. நடுப்பகலில், பாசிகள் நீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறிய நீரிலிருந்து அம்மோனியா ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி, பழுப்புப் படலத்தில் நைட்ரேட்டாக மாறி, கீழுள்ள கருஞ்சேற்றுக்கு இறங்கியதும் அங்குள்ள பாக்டீரியாக்களால் மறுபடி நைட்ரஜன் வாயுவாகி, குமிழியிட்டு மேலே வந்துவிடுகிறது. நஞ்சையில் தூவிய யூரியாவின் தழைச்சத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் பயிரின் உடலுக்குள் புகுகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. மற்றதை வாங்கியதும் சுமந்ததும் தூவியதும் ஆகாயத்துக்காகவும் வடிகாலுக்காகவும் என்றே சொல்ல வேண்டும்.

பாசியின் வரலாறும் அதற்கு நேர்ந்த ஏமாற்றமும்

டேயின் ஆராய்ச்சிக்குப் பின், வயலில் தானாக நடப்பதை மனிதன் முயன்று பெருக்க முடியுமா என்ற ஆசை பல நாடுகளில் பிறந்தது. காசி இந்து சர்வகலாசாலையில் ஆர். என். சிங், உத்தரப் பிரதேசத்தின் உவர் நிலங்களில் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கிப் பாசியை வளரவிட்டால் அந்த மண் பயிருக்குத் திரும்புகிறது என்பதை 1950இல் அறிவித்தார். மறு ஆண்டில் ஜப்பானில் வாதனபேயும் அவருடைய தோழர்களும் பாசியைத் தனியே வளர்த்து நெல்லுக்கு இட்டுப் பலன் கண்டதை வெளியிட்டார்கள். புது டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. எஸ். வெங்கடராமன், ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாமல் குடியானவர்களே பாசியை வளர்த்துக்கொள்ளும் எளிய முறையை உருவாக்கினார். ஆழமில்லாத தகரத் தொட்டியிலோ பாலிதீன் விரித்த குழியிலோ கொஞ்சம் வயல் மண்ணும் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு, நீர் நிரப்பி, தாய்ப்பாசியைத் தூவி வெயிலில் விட்டால், ஓரிரு வாரத்தில் ஆடைபோலப் பாசி படர்ந்துவிடும்; பிறகு நீரை வற்றவிட்டால் அது மண்ணோடு ஒட்டி ஓடுகளாகக் காய்ந்து உரியும். காய்ந்த ஓட்டினுள் பாசி வெகுகாலம் உயிரோடு உறங்கிக் கிடக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, நடவு செய்த பத்தாம் நாள், ஹெக்டேருக்கு 10 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ ஓட்டைப் பொடித்து, வயலில் மெல்லிய நீர் நிறுத்தித் தூவ வேண்டும் என்பதாகும்.

இவ்வளவு எளிதாக இருந்தும் பாசி உரம் ஏன் பரவவில்லை? இந்தக் கேள்வியை நேர்மையோடு எதிர்கொண்டவர்கள் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் ரோஜரும், இலங்கை விஞ்ஞானி எஸ். ஏ. குலசூரியவும் ஆவர். அதுவரை உலகெங்கும் நடந்த பரிசோதனைகளை எல்லாம் திரட்டி அவர்கள் 1980இல் வெளியிட்ட நூலின்படி, பாசி இட்டுப் பலன் தெரிந்த இடங்களில் சராசரியாக ஏறத்தாழ 14 சதவீதம் விளைச்சல் கூடியிருந்தது; பலன் தெரியாமல் போன இடங்களும் உண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்து தூவிய பாசி இனங்கள் பெரும்பாலும் வயலில் நிலைகொள்வதில்லை, அங்கே தொன்றுதொட்டு இருக்கும் உள்ளூர் இனங்களே எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கின்றன என்பதும் பிற்கால ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. நத்தைகளும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஓட்டுப் பூச்சிகளும், கொசுவின் புழுக்களும் பாசியை மேய்ந்துவிடுகின்றன. மணிச்சத்து குறைந்த நீரில் அது வளர்வதில்லை. புளிப்பு மண்ணில் அறவே தழைப்பதில்லை.

ஆயினும் இவர்கள் இருவரும் வேறிரு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அதே ஆண்டில் வெளியிட்ட மற்றொரு சிறிய ஆராய்ச்சி, பொட்டலத்தைக் காட்டிலும் முக்கியமான ஒன்றை நமக்குச் சொல்கிறது என்று நினைக்கிறேன். யூரியாவை நீர்ப்பரப்பின் மேல் தூவினால் நைட்ரஜன் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசி ஒடுங்கி, அந்த உரத்தையே தின்று வளரும் சாதாரணப் பச்சைப் பாசி தலையெடுக்கிறது. அதே அளவு யூரியாவைப் பெரிய உருண்டைகளாகச் சேற்றுக்குள் ஆழப் புதைத்தால் நீலப்பச்சைப் பாசி தன் தொழிலைத் தடையின்றி நடத்துகிறது. பயிருக்கு வேரில் உணவு கிடைக்கிறது, நீரில் அம்மோனியா ஏறுவதில்லை, காற்றோடு போகும் நஷ்டமும் குறைகிறது. ரசாயன உரத்துக்கும் உயிர் உரத்துக்கும் பிறவிப் பகை இல்லை என்பதும், இடும் இடமும் இடும் காலமுமே அவற்றைப் பகையாக்குகின்றன என்பதும் இதனால் விளங்குகிறது. உயிர் உரத்தைப் பற்றி அச்சாகும் துண்டுப் பிரசுரங்களில் ஒன்றிலாவது இந்தச் செய்தி முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

அசோலா

பாசி தனியாக நின்று படும் கஷ்டங்களில் பலவற்றிலிருந்து அதைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்றை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. நீரில் மிதக்கும் அசோலா என்ற சிறு பெரணியின் ஒவ்வோர் இலையிலும் ஒரு குழிவு உண்டு. அதனுள்ளே அனபீனா இனத்துப் பாசி குடியிருக்கிறது. பெரணி அதற்கு நிழலும் சர்க்கரையும் தருகிறது. பாசி பெரணிக்குத் தழைச்சத்து தருகிறது. மேய வரும் ஓட்டுப் பூச்சிக்கு அங்கே இடமில்லை. தகுந்த சீதோஷ்ணத்தில் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் அசோலாவின் எடை இருமடங்காகிவிடும் என்றால், ஒரு வயலை மூடுவதற்கு அதற்கு எத்தனை காலம் தேவைப்படும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வடவியட்நாமில் தாய் பின் மாகாணத்தைச் சேர்ந்த லா வான் என்ற கிராமத்தில், அசோலாவைப் பயிரிடக் கண்டுபிடித்தவள் என்று நம்பப்படும் ஒரு பெண்ணின் நினைவைப் போற்றி வந்தார்கள் என்றும், கோடை முழுவதும் அந்தப் பெரணியைச் சாகாமல் காக்கும் வித்தையை அவ்வூரார் தமக்குள் மறைவாக வைத்திருந்து ஆண்டுதோறும் தாய்ச்செடியை மற்ற ஊர்களுக்கு விற்றார்கள் என்றும் சொல்லப்படுகிறது. சீனத்தின் தென்பகுதியிலும் அசோலாச் சாகுபடி வெகுகாலம் நடந்தது. இந்தியாவில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களிலிருந்து இதை ஆராய்ந்தது. கோயம்புத்தூரில், பின்னாளில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய எஸ். கண்ணையன் தம் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியை அசோலாவுக்கும் பாசிக்குமே அர்ப்பணித்தார்.

பரிந்துரைக்கப்படும் முறை சிக்கலானதல்ல. நட்ட மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் ஹெக்டேருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ பச்சை அசோலாவை வயல் நீரில் விட வேண்டும். அது பெருகிப் பாய்போல மூடியபின், களையெடுக்கும்போது சேற்றில் மிதித்து அமிழ்த்த வேண்டும். பத்து டன் பச்சை அசோலாவில் ஈரம் போக அறுநூறு கிலோ அளவே உலர்பொருள். அதில் நூற்றுக்கு நாலு பங்கு தழைச்சத்து என்று கொண்டால் ஹெக்டேருக்கு 24 கிலோ தேறும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதைவிட இது சற்று அதிகம். காவிரிப் பாசனப் பகுதிக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது என்பதை நினைத்தால், அசோலாவே முழுத் தேவையையும் தீர்க்கும் என்று சொல்பவர்கள் குடியானவனுக்கு உபகாரம் செய்யவில்லை என்பது தெளிவு. ஆனால் அந்தப் பச்சைப் பாய் வேறிரு உதவிகளையும் செய்கிறது: வெளிச்சத்தை மறைத்துக் களையை அடக்குகிறது; நீரின் காரத்தன்மை ஏறாமல் தடுத்து, இட்ட யூரியா அம்மோனியாவாக ஓடிப்போவதைக் குறைக்கிறது. கணக்கில் ஏறாத இந்த லாபத்தை நான் தழைச்சத்துக்கு இணையாகவே மதிக்கிறேன்.

இவ்வளவும் இருந்து, வியட்நாமிலும் சீனத்திலும் அசோலா வயல்கள் 1980களுக்குப் பின் ஏன் சுருங்கின என்றால், யூரியா மலிந்ததும் ஆள்கூலி ஏறியதுமே காரணம். இங்கும் அதே கதைதான். வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய்க்கு ஒரு மூட்டை யூரியா கிடைக்கிற நாட்டில், அசோலாவை மிதித்து அமிழ்த்த ஆள் வைப்பதா என்று யோசிக்கிற விவசாயியைச் சோம்பேறி என்று யாரும் பழிக்க வேண்டாம். அவர் தம் பணத்துக்குச் சரியாகவே கணக்குப் போடுகிறார். மானியமாகச் செலவாகும் பொதுப்பணம் அவருடைய கணக்கில் வராமல் இருப்பது அவர் குற்றமன்று. களையெடுப்புக்குக் கோனோ வீடர் தள்ளும் வயலில் அசோலாவும் அதே வேலையில் சேற்றுக்குள் போய்விடுவதால் தனிக்கூலி மிச்சமாகும்.

வேரைச் சுற்றி வாழ்பவை

நீரின் மேலே பாசியும் அசோலாவும் என்றால், சேற்றினுள்ளே வேரைச் சார்ந்து வாழ்வது அசோஸ்பைரில்லம். ஹாலந்து தேசத்துப் பெயெரிங்க் 1925இலேயே விவரித்து, பிறகு மறக்கப்பட்டிருந்த இந்த பாக்டீரியாவை, பிரேசிலில் வாழ்ந்த ஜோஹன்னா டோபரைனர் 1970களில் புல்வகைப் பயிர்களின் வேர்களில் மீண்டும் கண்டு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே பிராணவாயு இறங்கி வேரோரத்தில் கசிகிறது. நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரின் மேல் தெரியும் செம்பழுப்புப் பூச்சு அதன் அடையாளம். காற்று மிகுந்தாலும் ஆகாது, முற்றிலும் இல்லாவிட்டாலும் ஆகாது என்ற சுபாவமுள்ள அசோஸ்பைரில்லத்துக்கு அந்த ஓரம் ஏற்ற இருப்பிடம். அது நைட்ரஜனைப் பிடிப்பது உண்மையே. ஆனால் பயிருக்கு அது செய்யும் பெரிய உதவி, வேரை நீட்டவும் கிளைக்கவும் தூண்டும் வளர்ச்சிப் பொருளைச் சுரப்பது என்றே இன்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். வேர் பரந்த பயிர், சேற்றில் இருக்கும் சத்தையும் இட்ட உரத்தையும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

இதை இடுவதில் மூன்று கட்டங்கள் உண்டு. விதையை ஊறவைக்கும் நீரில் கலந்து ஓர் இரவு வைப்பது முதலாவது. அந்த நீரை வீணாக்காமல் நாற்றங்காலிலேயே ஊற்றிவிடலாம். ஒரு கிலோவை 40 லிட்டர் நீரில் கரைத்து, ஹெக்டேருக்கு வேண்டிய நாற்றின் வேரைக் கால் மணி முதல் அரை மணி நேரம் நனைத்து நடுவது இரண்டாவது. நடவுக்கு முன் 2 கிலோவை, அதாவது 200 கிராம் பொட்டலம் பத்தை, 25 கிலோ தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து தூவுவது மூன்றாவது. இவற்றுள் வேரை நனைப்பதே எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியா சேரவேண்டிய இடத்திலேயே சேர்ந்துவிடுகிறது. இயந்திர நடவில் நாற்று முடியைக் கரைசலில் வைத்திருக்க முடியாது என்பதால், அங்கே விதை நேர்த்தியும் நாற்றங்காலும் இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலில் பாசிக்கும் அசோலாவுக்கும் நீர் அடிக்கடி வற்றிப்போகும். அசோஸ்பைரில்லத்துக்கு அதனால் அவ்வளவு பாதகமில்லை.

பசுந்தாள் பயிர்களையும் உயிர் உரத்தின் சொந்தக்காரர்கள் என்றே கொள்ள வேண்டும். தக்கைப்பூண்டும் சணப்பும் நம் முன்னோர் அறிந்தவை. மேற்கு ஆப்பிரிக்காவில் நீர் தேங்கும் நிலங்களில் இயல்பாக வளரும் மணிலா அகத்தி, வேரில் மட்டுமன்றித் தண்டின் நெடுகிலும் முடிச்சுகளைத் தாங்கி, வெள்ளம் நின்றாலும் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டே இருக்கும் தன்மையது.

டெல்டாவின் பருவத்துக்குள் இவற்றைப் பொருத்துவது

மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. நீர் அன்றே வந்தால் குறுவை. தாமதமானால் சம்பா மட்டும். குறுவையின் கடும் வெயிலில் அசோலா சோர்ந்து கருகிவிடும். அந்த வெயிலே பாசிக்கு ஊக்கம். ஆகவே குறுவைக்குப் பாசியும், ஐப்பசிக்குப் பின் குளிர்ந்து வரும் சம்பாவுக்கும் தாளடிக்கும் அசோலாவும் என்று பிரித்துக்கொள்வது விவேகம். வடகிழக்குப் பருவமழை வரப்பை மீறிய நாளில் அசோலா வடிகாலோடு போய்விடும் என்பதைத் திருவாரூர், நாகப்பட்டினம் கடைமடைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே நடவுக்கு முன்பே வயலில் வளர்த்து மடக்கி உழுதுவிடுவது மேல்.

இவற்றையெல்லாம் செய்துவிட்டு, நட்ட பத்தாம் நாளில் பழக்கதோஷத்தால் ஒரு மூட்டை யூரியாவை நீரின் மேல் விசிறிவிட்டால், பாசி தன் தொழிலைக் கைவிடும்; அசோலாவின் உள்ளிருக்கும் அனபீனாவும் அதை ஓரளவு குறைத்துக்கொள்ளும். உயிர் உரம் இட்டும் பலன் தெரியவில்லை என்று வருகிற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். உயிர் உரம் இட்டால் தழைச்சத்தில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. எந்த நாளில் குறைப்பது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கென்றே இலை வண்ண அட்டை என்ற மலிவான கருவி இருக்கிறது. நட்ட பதினான்காம் நாளிலிருந்து, வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை, நன்றாக விரிந்த மேலிலையை அந்த அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3க்கும் மற்ற ரகங்களுக்கு 4க்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டுமே மேலுரம் இட வேண்டும். அசோலாவும் பாசியும் எவ்வளவு கொடுத்தன என்பதை எந்த நிபுணரையும் கேட்காமல் பயிரே சொல்லிவிடுகிறது. உயிர் உரப் பொட்டலத்தோடு இந்த அட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுக்காத விநியோகத் திட்டம் பாதித் திட்டம்தான்.

பொட்டலத்தின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் 2006 முதல் உயிர் உரங்களுக்கும் தர நிர்ணயம் உண்டு: தூளானால் ஒரு கிராமில் குறைந்தது ஐந்து கோடி உயிரணுக்கள், திரவமானால் ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி. சாக்கோட்டை, குடுமியான்மலை முதலிய இடங்களில் அரசே உற்பத்தி செய்கிறது. ஆனால் உயிருள்ள பண்டம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் மூட்டையோடு கிடந்தால், ஆலையில் இருந்த எண்ணிக்கை வயலில் இராது. வாங்குகிறவர் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்; வீட்டில் நிழலில் வைக்க வேண்டும்; பூச்சிமருந்தோடோ ரசாயன உரத்தோடோ கலக்கக் கூடாது. விரிவாக்க மையத்திலும் வெப்பம் தாக்காத அறை ஒன்று இதற்கென ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கையாகாது.

அசோலாவுக்கோ பொட்டலமே இல்லை. அது ஊரிலேயே உயிரோடு இருந்தாக வேண்டும். ஏக்கருக்கு 100 கிலோ தாய்ச்செடிக்கு எங்கே போவது என்பதே இதைத் தொடங்க நினைப்பவர்களின் முதல் தடை. 20 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள, சுமார் ஒரு சென்ட் பாத்தியில் 10 சென்டிமீட்டர் நீர் நிறுத்தி, 10 கிலோ சாணத்தைக் கரைத்துத் தெளித்து, அடியில் 100 கிராம் சூப்பர் பாஸ்பேட் இட்டு, 8 கிலோ அசோலாவை விட்டு, நாலாம் நாளும் எட்டாம் நாளும் மேலும் நூறு நூறு கிராம் பாஸ்பேட் தூவிவந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பாத்தி நிறைந்துவிடும். இப்படி இரண்டு மூன்று பாத்திகள் ஓர் ஏக்கர் நடவுக்குப் போதுமானவை. கோடையில் அந்த எட்டுக் கிலோவைக் காப்பாற்றி வைப்பதுதான் லா வான் கிராமத்தார் பொத்தி வைத்திருந்த வித்தை. நம் ஊர்களிலோ, பால்மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக, தென்னை நிழலில் தார்ப்பாய் விரித்த சிறு குழிகளில் பல வீட்டுப் பெண்கள் ஆண்டு முழுவதும் அசோலாவை வளர்த்து வருகிறார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் போகும் அந்தப் பெரணியும் வயலுக்கு வேண்டிய பெரணியும் ஒன்றுதான். ஊருக்குப் பத்து வீடுகளை உழவர் உற்பத்தியாளர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ தேர்ந்து, ஆவணியில் அவர்களிடமிருந்து தாய்ச்செடியை விலை கொடுத்து வாங்கிப் பாத்திகளில் பெருக்கினால், தாளடி நடவுக்கு ஐப்பசியில் அந்த ஊர் முழுவதற்கும் அசோலா தயாராக இருக்கும்.